படித்தேன், சரி

சீட்டக்கா என்ற பெயரைக் கேட்டு, புதிதாக வருகிறவர்கள் அவளைச் சீட்டாடுகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து ஒரு கட்டுச் சீட்டைக்கூட அவள் கலைத்துப் போட்டதில்லை. அவள் கையில் இருபத்திரண்டு வருடமாகப் புழங்குவது வேறு சீட்டு. உள்ளங்கை அகலம், நாலு விரல் உயரம், மஞ்சள் காகிதம். பெரிய ஆங்கில-தமிழ் அகராதி ஒன்று தயாராகிக்கொண்டிருந்த அந்த மூன்றாவது மாடி அறையில் செங்கல்லும் அதுதான், சிமெண்டும் அதுதான்.

சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் சீட்டு. சீட்டின் தலையில் ஆங்கிலச் சொல், அதற்குக் கீழே பொருள், அதற்கும் கீழே அந்தப் பொருளுக்கு ஒரு வாக்கியம். ஒரு பொருளுக்கு மூன்று வாக்கியமாவது சேராமல் எதுவும் அச்சுக்குப் போகாது. புத்தகத்தில் இருந்து எடுத்ததென்றால் பக்க எண் போதும். யாரோ பேசியதென்றால் கெடுபிடி அதிகம். முன்பக்கம் பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும். பின்பக்கம் தேதி, யார் யாரிடம் சொன்னது, அதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அடியில், காதால் கேட்ட இரண்டு பேர் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வேலை தொடங்கிய காலத்தில் கற்பனை வளம் மிகுந்த ஒரு ஆசாமி வீட்டில் டீ குடித்துக்கொண்டே வாக்கியங்களைத் தயார் செய்து கொண்டுவந்து கொட்டினாராம். அவரைப் பிடித்த அன்றைக்கு வந்த விதி இது. விதி போட்ட முதல் ஆசிரியரும் போய்விட்டார், டீ குடித்த ஆசாமியும் போய்விட்டார், விதி மட்டும் இருந்தது.

அறையில் மிச்சம் இருந்தவர்கள் மூன்று பேர். சீட்டக்கா, பிழை திருத்துகிற புரூஃப் அண்ணன், கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிற பெண். நாலு மாதத்துக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த நாலு மாதத்துக்கு முன்னால்தான் மெத்தை வந்தார்.

மெத்தை என்பது புது மேலாளருக்கு புரூஃப் அண்ணன் வைத்த பெயர். மனிதர் பேசினால் அவ்வளவு மிருது. வந்தால் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்காருவார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார், கையில் கொண்டுவந்த காகிதத்தை மேசையில் வைத்து விரலால் மெல்ல நேராக்குவார். அந்தக் காகிதத்தில் 'சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று அடித்திருக்கும். பெயர் எழுத ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு.

முதலாளிக்கு அந்த மாடி வேண்டும். சொல் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, சட்டைப் பைக்குள் போகிற மாதிரி ஒரு சின்ன அகராதி போட்டால் போதும் என்பது அவருடைய கணக்கு. ஆட்களை அவரே நிறுத்தினால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர்களாகவே போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர்களாகவே போக வைப்பதற்குத்தான் மெத்தை வந்திருந்தார். முதல் மாதத்திலேயே இரண்டு பேர் அவர்களாகவே போனார்கள்.

வந்த வாரம் அவர் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். 'ஒவ்வொரு சீட்டும் நான் நேரில் படித்துச் சரிபார்த்த பின்னரே இழுப்பறைக்குள் செல்லும்.' இந்த அறைக்கு இனிமேல் எஜமான் யார் என்று தெரியட்டும் என்பதுதான் அதன் உட்பொருள். அதற்காக ஒரு ரப்பர் முத்திரையும் செய்துகொண்டார்: 'படித்தேன், சரி'. கீழே கையெழுத்துக்கு இடம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நூற்றைம்பது சீட்டு அவர் அறைக்குப் போகும். நாலு பத்துக்கு நூற்றைம்பதும் முத்திரையோடு, கையெழுத்தோடு திரும்பி வரும். அவ்வளவு வேகமாகப் படிக்கத் தெரிந்த மனிதர் ஒருவரே உட்கார்ந்து முழு அகராதியையும் முடித்திருக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் வரிசைப்படி 'மெனஸ்' (menace) என்ற ஆங்கிலச் சொல் சீட்டக்காவின் மேசைக்கு வந்தது.

"மிரட்டல்னு போட்டு முடிச்சுட வேண்டியதுதானே" என்றார் புரூஃப் அண்ணன், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே.

"மிரட்டல்னா வாயால சொல்றதுண்ணா. இது சொல்லாமலே நிக்கிறது. அகராதின்னா ரெண்டையும் பிரிச்சுக் காட்ட வேண்டாமா?"

"சொல்லாம எப்படி மிரட்டுவாங்க?"

"லத்தீன்ல இதோட மூலச் சொல்லுக்கு வெளியே துருத்திக்கிட்டு நிக்கிறதுன்னு ஒரு அர்த்தம் இருக்கு. தலைக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற பாறைன்னு வச்சுக்கோங்க. விழுந்துடுச்சுன்னா அது விபத்து. விழாம நிக்குது பாருங்க, அதுதான் இந்தச் சொல்லு."

புரூஃப் அண்ணன் மெல்லுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். சீட்டக்காவும் பார்த்தாள். தட்டச்சு செய்கிற பெண்ணின் நாற்காலிக்கு நேர் மேலே ஒரு பரண் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. பழைய அச்சுத் தாள் மூட்டைகள் அதில் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. ஆறு வருடத்தில் ஒரு காகிதம்கூட அதிலிருந்து விழுந்ததில்லை. ஆனால் அந்தப் பெண் ஆறு வருடமாகக் கழுத்தைக் குறுக்கிக்கொண்டுதான் உட்காருகிறாள். கழுத்து வலிக்கு வைத்தியமும் பார்க்கிறாள்.

"அப்போ நம்ம பரண்" என்றார் அவர்.

"பரணேதான். இன்னொண்ணு கேளுங்க. அதே சொல்லு கொஞ்சம் மாறி, கத்தி அதட்டி மாட்டை ஓட்டுறதுக்கும் ஆகியிருக்கு. பயமுறுத்தினா மாடு நகரும் இல்லையா?"

"நம்மளையும் அதானே பண்றாங்க. என்ன, இவரு கத்தாம ஓட்டுறாரு."

தட்டச்சு செய்கிற பெண் சிரித்துவிட்டாள். சீட்டக்கா சிரிக்கவில்லை. இழுப்பறையில் இந்தப் பொருளுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, அதுவும் யாரோ எழுதிய போர்க்கள வர்ணனை. வாழ்கிற மனிதர் வாயிலிருந்து வந்த வாக்கியம் வேண்டும் என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தவள், கைக்கெட்டிய தூரத்தில் அது தினம் தினம் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவதை அப்போதுதான் கவனித்தாள்.

ஒரு புதுச் சீட்டை எடுத்தாள். தலையில் 'மெனஸ்' என்று எழுதினாள். பொருள்: 'வாயால் சொல்லாமல் தலைக்கு மேல் நிறுத்தும் அச்சுறுத்தல்.' அதற்குக் கீழே, அன்று காலை மெத்தை புரூஃப் அண்ணனிடம் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதினாள்: 'ஆபரேஷன் பண்ணின கண்ணு, பார்த்து நடங்க. படிக்கட்டுல லைட்டு வேற இல்ல.' பின்பக்கம்: 'படிக்கட்டு விளக்கைக் கழற்றச் சொல்லி முந்தின நாள் அவரே உத்தரவு போட்டார். சொல்லும்போது விலகல் கடிதம் மேசையில் இருந்தது.' தட்டச்சு செய்கிற பெண் சுருக்கொப்பம் வைத்தாள். புரூஃப் அண்ணன், "என்னையே சாட்சியா வச்சுட்டியா" என்று சொல்லிக்கொண்டே அவரும் வைத்தார்.

வெள்ளிக்கிழமை அந்தச் சீட்டு 'மெமரி' என்ற சொல்லுக்கும் 'மெனு' என்ற சொல்லுக்கும் நடுவில் பவ்யமாக உட்கார்ந்து மெத்தையின் அறைக்குப் போனது. நாலு பத்துக்குத் திரும்பி வந்தது. படித்தேன், சரி. மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. வேலை நேரத்தை ராத்திரி எட்டு வரைக்கும் நீட்டிவிட்டு மறுநாள் தட்டச்சு செய்கிற பெண்ணிடம், 'நீங்க தனியாதானே வீட்டுக்குப் போவீங்க? அந்தத் தெரு கொஞ்சம் ஒரு மாதிரி இல்ல?' என்று அவர் கவலைப்பட்டார். அது ஒரு சீட்டு. 'உங்களை மாதிரி கெட்டிக்காரங்க கெட்ட பேரோட வெளியே போகக்கூடாதுன்னு நினைக்கிறேன்' என்று சீட்டக்காவிடம் உருகினார், அது இன்னொன்று. விதிப்படி மூன்று போதும். சீட்டக்காவுக்குக் கை நிற்கவில்லை. முப்பதைத் தொட்டாள்.

வீட்டிலும் அவளுக்குச் சீட்டுக்குப் பஞ்சமில்லை. அவள் கணவன் கப்பலில் சமையல்காரன், வருடத்தில் எட்டு மாதம் கடலில். வீட்டில் அவளும், மூன்றாவது படிக்கிற மகளும், கணவனின் தங்கையும். நாத்தனாருக்கு வேலை பஸ் கண்டக்டர். அவள் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவனை எழுப்பி இறக்கிவிடும். அந்தக் குரலை வீட்டுக்கு வரும்போது டிப்போவில் விட்டுவிட்டு வரலாம், விடுவதில்லை. "இப்ப சாப்பிடலைன்னா காலை ஒடிச்சு கையில குடுத்துடுவேன்" என்பாள் அண்ணன் மகளிடம். மகள் சிரித்துக்கொண்டே அத்தையின் மடியில் கால் இரண்டையும் நீட்டிவிடுவாள். தோலை உரிப்பேன், பல்லைத் தட்டுவேன், பஸ்ஸுக்கு அடியில் கட்டி இழுப்பேன் என்று அந்த வீட்டில் காலையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும், ஒருத்தருக்கும் பசி குறையாது. ஒருநாளும் குரலை உயர்த்தாத ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து சௌக்கியம் கேட்டால் உள்ளங்கை வியர்க்கிறதே, அது ஏன் என்று சீட்டக்கா யோசித்ததுண்டு. யோசித்ததைச் சொல்லுக்கான குறிப்பிலும் எழுதிவைத்தாள்.

விளையாட்டு ஒரு வியாழக்கிழமை முடிந்தது.

அன்றைக்கு மெத்தை காகிதத்தை வைத்தார், சீட்டக்கா வழக்கம்போல அதைத் திருப்பித் தள்ளினாள். மூன்றாவது தடவை தள்ளியபோது அவர் காகிதத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு மூணரைக்கு ஸ்கூல் விடுறாங்க இல்ல? அந்த நீலக் கேட்டு. ரோட்டை ஒட்டி இருக்கே. பாவம், உங்க வீட்டு ஆளுங்க வர்ற வரைக்கும் அது தனியாத்தான் நிக்குது."

அந்தக் கேட் நீலம் என்று அவள் அந்த அறையில் யாரிடமும் சொன்னதில்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூடச் சொன்னதில்லை. அப்படியென்றால் இந்த ஆள் போய்ப் பார்த்திருக்கிறார். நின்று பார்த்திருக்கிறார். முப்பது சீட்டு எழுதியவள், அந்தச் சொல்லின் பூர்வோத்திரம் முழுக்கத் தெரிந்தவள், பேனாவை எடுத்து இரண்டு கோட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவர் நன்றி சொல்லி, மை காய ஊதி, மடித்து எடுத்துக்கொண்டு போனார். மாதக் கடைசியோடு கணக்கு முடியும் என்றார்.

அவர் போனதும் அவள் கை தானாகவே ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தது. அது தைரியம் ஒன்றும் இல்லை, இருபத்திரண்டு வருடப் பழக்கம். எழுத்து கோணலும் மாணலுமாக வந்தது. பின்பக்கம் எழுதினாள்: 'மூன்றாவது முறை கடிதத்தை மறுத்ததும் சொன்னது. கேட்டவுடன் கையெழுத்துப் போட்டேன்.' மற்ற இருவரும் சுருக்கொப்பம் வைத்தார்கள். மறுநாள் நாலு மணிக்கு அதுவும் கட்டோடு போனது, நாலு பத்துக்குத் திரும்பியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. சோறு போடும்போது நாத்தனாரிடம் சொன்னாள். தலையிலேயே இடி விழப்போகிறது என்று தயாராகத்தான் இருந்தாள். நாத்தனார் கத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீலக் கேட்டுன்னு சொன்னானா அண்ணி?" அந்தக் குரலில் இவ்வளவு சன்னமான சுருதி இருக்கிறதென்று சீட்டக்காவுக்கு அன்றுதான் தெரியும்.

"ஆமா."

"சரி. திங்கக்கிழமையிலேருந்து காலை டூட்டிக்கு மாத்திக்கிறேன். மூணேகாலுக்கு அந்தக் கேட்டுல நான் நிப்பேன், என்கூட டிப்போ ஆளுங்க நாலு பேரு டீ குடிச்சுக்கிட்டு நிப்பாங்க. பாப்பா என் பொறுப்பு. நீங்க போய் உங்க பேப்பரைத் திருப்பி வாங்குங்க."

"கையெழுத்துப் போட்டுட்டேனே. நானேதானே போட்டேன்."

"நீங்க போடல. அவன் போட வச்சான். இதுக்குப் போய் என்னமோ லத்தீன்ல பேரு வச்சிருக்கீங்களே, அதை அங்க போய்ச் சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

சீட்டக்காவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது, அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. தன் குழந்தையை ஒரு காகிதத்துக்கு மேல் தூக்கிப் பிடித்துக் காட்டிவிட்டு அந்த மனிதன் மை காய ஊதினானே என்று நினைக்க நினைக்கக் கோபம் நன்றாக வளர்ந்தது. திங்கட்கிழமை காலை தொழிலாளர் அலுவலகத்தின் ஜன்னலில் மனுவைக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் விசாரணைக்கு அதிகாரி வந்தார். முழங்கால் வலியும் தடித்த கைப்பையும் உள்ள ஒரு நடுவயது அம்மாள். மூன்று மாடி ஏறி வந்தவர் வாசலிலேயே நின்று கால் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன படிக்கட்டு இது? ஒரு லைட்டு கிடையாதா? விரலே போயிருக்கும்."

புரூஃப் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொல்ல வேண்டிய இடம் அது இல்லை என்று அவருக்குத் தெரியும்.

மெத்தை எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் வரவழைத்தார். "மேடம், இவங்க இந்த நிறுவனத்தோட சொத்து. போகாதீங்கன்னு கெஞ்சினவனே நான்தான். மிரட்டினேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இந்த அறையில நான் ஒருநாளாவது குரலை உயர்த்தியிருக்கேனா, இவங்களையே கேளுங்க."

அதிகாரி மற்ற இருவரையும் பார்த்தார்.

"இல்லீங்க மேடம்" என்றார் புரூஃப் அண்ணன். "குரலை உயர்த்தினதே இல்ல. அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

அதிகாரி சீட்டக்கா பக்கம் திரும்பினார். "அப்போ என்ன வார்த்தை சொல்லி மிரட்டினாருன்னு சொல்லும்மா. வார்த்தை வேணும் எனக்கு."

"தனியா ஒரு வார்த்தை இல்லீங்க மேடம். கொஞ்சம் இந்த நாற்காலியில வந்து உட்காருங்க, சொல்றேன்."

அது தட்டச்சு செய்கிற பெண்ணின் நாற்காலி. அதிகாரிக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது, வந்து உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்தார், கோப்பைத் திறந்தார், பேனாவைத் தேடினார். சீட்டக்கா ஒன்றும் பேசாமல் நின்றாள். ஒரு நிமிடம் ஆனது.

"சொல்லும்மா."

"மேடம், ஏன் குனிஞ்சு உட்கார்ந்திருக்கீங்க?"

அதிகாரி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மேலே பார்த்தார். பார்த்ததும் நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அது விழுந்துச்சா மேடம்?"

"இல்ல."

"விழுவேன்னு சொல்லுச்சா?"

"இல்லம்மா."

"ஆறு வருஷமா இந்தப் பொண்ணு அதுக்குக் கீழே உட்கார்ந்திருக்கா. கழுத்து போயிடுச்சு. நான் மனுவுல எழுதின இங்கிலீஷ் சொல்லுக்கு ஆதியில அர்த்தமே இதுதான், தலைக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கிறது. நாலு மாசமா எங்க எல்லார் தலைக்கு மேலயும் இவர் அதைத்தான் கட்டி வச்சிருக்காரு."

அதிகாரி யோசித்தார். அவர் முகத்தில் ஒரு அனுதாபம் வந்தது, வந்த வேகத்தில் அலுப்பும் வந்தது. "உவமை நல்லா இருக்கு. உவமையை வச்சுக்கிட்டு நான் ஆர்டர் போட முடியாதேம்மா. கையில ஏதாவது இருக்கா?"

மெத்தை அழகாகப் புன்னகை செய்தார். அவ்வளவுதான், முடிந்தது என்கிற புன்னகை.

சீட்டக்கா சுவருக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள். முப்பத்தொரு மஞ்சள் சீட்டைக் கொண்டுவந்து தேதி வரிசைப்படி மேசையில் பரப்பினாள். மேசை போதவில்லை, கடைசி வரிசையைப் புரூஃப் அண்ணனின் மேசையில் தொடர்ந்தாள். சீட்டு எழுதுகிற விதியை மூன்று வாக்கியத்தில் சொன்னாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் சீட்டை எடுத்தார். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் திருப்பினார். படிக்கட்டு விளக்கு என்று இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார், மேசைக்கு அடியில் கால் விரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது. மூன்றாவது. ஒற்றையாக எடுத்தால் எல்லாமே அக்கம்பக்கத்தார் விசாரிப்பு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் ஒற்றையாக எடுக்கவில்லை, வரிசையாகப் போனார். பத்தாவது சீட்டுக்குப் பிறகு முழங்கால் வலியைப் பற்றி முணுமுணுப்பதை விட்டுவிட்டார். முப்பத்தொன்றாவதை, நீலக் கேட் சீட்டை, இரண்டு தடவை படித்தார்.

"மேடம், இதெல்லாம் அவங்களே எழுதிக்கிட்டது" என்றார் மெத்தை, கொஞ்சமும் பதறாமல். "சாட்சிக்கும் அவங்க ஆளுங்களே. நாளைக்கு நான்கூட வீட்ல உட்கார்ந்து நூறு சீட்டு எழுதலாம்."

"நியாயம்தான்" என்றார் அதிகாரி. "ஆனா ஒவ்வொண்ணுலயும் மூணாவதா ஒரு கையெழுத்து இருக்கே. அது யாரோடது?"

மெத்தை குனிந்து பார்த்தார். சீட்டின் வலது மூலையில் ஊதா நிற முத்திரை. படித்தேன், சரி. அதன் கீழே அவருடைய அழகான, சுழித்த கையெழுத்து. அடுத்த சீட்டைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார்.

"வாரத்துக்கு நூத்தம்பது சீட்டு வருது மேடம். ஒவ்வொண்ணா எப்படி..."

"படிக்காம போட்டீங்களா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் புரூஃப் அண்ணன், ஆபரேஷன் செய்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சுவரில் இருந்த சுற்றறிக்கையை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். முப்பது வருடம் பிழை திருத்தியவர், நிறுத்தி நிதானமாக வாசித்தார். "ஒவ்வொரு சீட்டும் நான் நேரில் படித்துச் சரிபார்த்த பின்னரே இழுப்பறைக்குள் செல்லும். பிழை ஒண்ணும் இல்லீங்க மேடம். அடியில கையெழுத்தும் இருக்கு."

"சார், இந்தச் சீட்டுல என்ன பொருள் எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க" என்றார் அதிகாரி.

மெத்தை சீட்டை வாங்கினார். அந்தப் பஞ்சுக் குரலிலேயே படித்தார். "வாயால் சொல்லாமல் தலைக்கு மேல் நிறுத்தும் அச்சுறுத்தல்."

"அதுக்கு உதாரணமா நீங்க பேசினது எழுதியிருக்கு. அதைப் படிச்சேன், சரின்னு நீங்களே முத்திரை குத்தியிருக்கீங்க. ஒரு தடவை இல்ல, முப்பத்தொரு தடவை." அதிகாரி கையை நீட்டினார். "அந்த விலகல் கடிதத்தைக் குடுங்க."

கடிதம் வந்தது. அதிகாரி அதன் குறுக்கே, சொந்த விருப்பத்தின் பேரில் எழுதப்பட்டதல்ல, செல்லாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனிமேல் இந்த அறையில் யாரிடம் இப்படிக் காகிதம் நீட்டினாலும் தன் அலுவலகத்தில் வைத்துத்தான் நீட்ட வேண்டும் என்று உத்தரவு எழுதினார். முன்னாடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன இரண்டு பேரின் முகவரியும் கேட்டு வாங்கிக்கொண்டார். சீட்டுகளைக் கட்டிப் பைக்குள் வைக்கப் போனார்.

"மேடம், மூணு சீட்டு மட்டும் எனக்குத் திரும்ப வேணும்" என்றாள் சீட்டக்கா. "சொல்லு அச்சுக்குப் போகணும்."

"நகல் எடுத்துட்டு எல்லாத்தையும் அனுப்புறேம்மா. அகராதி நிக்கக் கூடாது."

தட்டச்சு செய்கிற பெண் தன் நாற்காலியைப் பரணுக்கு அடியிலிருந்து இழுத்து ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மெத்தை எழுந்தார். தோற்றதாகக் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. சட்டையை நேராக்கிக்கொண்டு, சீட்டக்காவின் மேசையருகே ஒரு கணம் நின்று, வழக்கமான அன்போடு சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம். நீங்க நல்லா இருக்கணும்னுதான் எனக்கு எப்பவும் ஆசை. இன்னும் வழி ரொம்ப தூரம் இருக்கு இல்ல?"

இரண்டு வாரத்துக்கு முன்னால் என்றால் சீட்டக்காவின் உள்ளங்கை வியர்த்திருக்கும். இன்றைக்கு அவள் உட்கார்ந்தாள். ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தாள். தேதி போட்டாள்.

"'இன்னும் வழி ரொம்ப தூரம் இருக்கு இல்ல', அப்படித்தானே சொன்னீங்க சார்? ஒரு எழுத்து மாறக்கூடாது, அதான் கேக்குறேன்."

அவள் எழுதி முடித்து, பின்பக்கமும் எழுதி, சீட்டை நகர்த்தினாள். தட்டச்சு செய்கிற பெண் சுருக்கொப்பம் வைத்தாள். புரூஃப் அண்ணன் வைத்தார். வாசல் வரைக்கும் போயிருந்த அதிகாரி நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"நானும்தானே கேட்டேன்" என்று சொல்லி, அவரும் வைத்தார்.

சீட்டக்கா எழுந்து போய் மேலாளர் அறையிலிருந்து ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்துவந்தாள். இரண்டையும் சீட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, காகிதத்தை விரலால் நேராக்கினாள்.

"படிச்சுட்டுப் போடுங்க சார்" என்றாள்.

நாலு மாதத்தில் முதல் தடவையாக அவர் ஒரு சீட்டை முழுக்கப் படித்தார்.